லிண்ட்லி மரே

லிண்ட்லி மரே (1745 - 1826) ஆங்கில இலக்கண நூலாசிரியரும் பாடநூல் தொகுப்பாளரும் ஆவார். வட அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்து, நியூயார்க்கில் வழக்கறிஞராகவும் வணிகராகவும் விளங்கி, தம் வாழ்வின் பிற்பகுதி முழுவதையும் இங்கிலாந்தின் யார்க் நகரை அடுத்த ஹோல்கேட் என்னும் சிற்றூரில் கழித்தார். 1795 ஆம் ஆண்டில் இவர் வெளியிட்ட 'இங்கிலீஷ் கிராமர்' என்னும் நூல், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஆங்கிலம் கற்பிக்கப்பட்ட பெரும்பாலான இடங்களில் பாடநூலாக இருந்தது. இவருடைய பாடநூல்கள் யாவும் சேர்ந்து ஒரு கோடிப் படிகளுக்கு மேல் விற்றன எனக் கணக்கிடப்பட்டுள்ளது. ஆங்கில இலக்கணத்தின் தந்தை என இவரை அழைப்பதும் உண்டு. ஆயினும் இவருக்கு முன்பே ஆங்கிலத்தில் பல இலக்கண நூல்கள் இருந்தமையால் அப்பட்டம் அவ்வளவு பொருத்தமானது அன்று. மரே புதிய இலக்கணம் எதையும் கண்டறியவில்லை. பிறர் எழுதியவற்றைத் தெரிந்தெடுத்து, மாணவர் மனத்தில் தங்கும் வகையில் ஒழுங்கு செய்தார். இவர் பெற்ற புகழுக்கும் இவர்மேல் எழுந்த பழிக்கும் இதுவே காரணமாயிற்று.

பிறப்பும் இளமையும்

மரே 1745 இல் பென்சில்வேனியாவின் சுவட்டாரா ஆற்றை ஒட்டிய பகுதியில் பிறந்தார். தந்தை இராபர்ட் மரே, தாய் மேரி லிண்ட்லி. தாயின் குடும்பப் பெயரே இவருக்கு முதற்பெயராக அமைந்தது. பன்னிரண்டு பிள்ளைகளில் இவரே மூத்தவர். குடும்பத்தினர் குவேக்கர் எனப்படும் நண்பர்கள் சமயச் சங்கத்தைச் சார்ந்தவர்கள். போரில் பங்கேற்காமை, எளிய உடை, எளிய பேச்சு, மனிதர் அனைவரையும் சமமாக விளித்தல் ஆகியன இச்சங்கத்தாரின் வழக்கங்கள். இவற்றுள் கடைசியாகக் கூறியது இலக்கணத்தோடு தொடர்புடையது. அக்கால ஆங்கிலத்தில் உயர்ந்தோரை 'யூ' என்றும் தாழ்ந்தோரை 'தவ்' என்றும் விளிக்கும் வழக்கம் மறைந்து, 'யூ' என்பதே எல்லோர்க்கும் பொதுவாகி வந்தது. குவேக்கர்களோ, ஒருவரைப் பன்மையில் விளிப்பது போலி மரியாதை எனக் கருதி, அரசரிடமும் பணியாளிடமும் ஒருமைச் சொல்லையே பயன்படுத்தினர். தமிழில் எல்லோரையும் 'நீ' என்று அழைப்பதற்கு ஒப்பான செயல் இது. இதன் பொருட்டு இச்சங்கத்தின் முன்னோர் பலர் சிறைத் துன்பமும் அடைந்தனர். சொல் வடிவம் ஒன்றைச் சமயக் கடமையாகக் கொண்ட ஒரு சூழலில் மரே வளர்ந்தார் என்பது கருதத்தக்கது.

தந்தை இராபர்ட் மாவு ஆலையில் தொடங்கிக் கப்பல் வணிகத்தில் உயர்ந்தவர். 1753 இல் குடும்பம் நியூயார்க் நகரில் குடியேறியது. சில ஆண்டுகளில் அவர் அந்நகரின் முதன்மையான வணிகருள் ஒருவர் ஆனார். மன்ஹாட்டனில் அவர் வீடு கட்டிக்கொண்ட மேட்டு நிலம் இன்றும் மரே ஹில் என்றே அழைக்கப்படுகிறது.

மூத்த மகனைத் தம் வணிகத்திலேயே ஈடுபடுத்தத் தந்தை விரும்பினார். சிறுவனுக்குக் கணக்கர் அறை பிடிக்கவில்லை. தந்தையின் கண்டிப்பும் மிகுதியாக இருந்தது. இசைவு பெறாமல் உறவினர் வீட்டிற்குச் சென்றதற்காகத் தண்டிக்கப்பட்ட லிண்ட்லி, வீட்டை விட்டு வெளியேறி நியூ செர்சியின் பர்லிங்டனில் இருந்த விடுதிப் பள்ளி ஒன்றில் தாமே சேர்ந்துகொண்டார். ஓடிப்போன சிறுவன் ஒளிந்துகொள்ளத் தேர்ந்தெடுத்த இடம் ஒரு பள்ளிக்கூடம் என்பது அவரது இயல்பைக் காட்டுகிறது. பின்னர் அவர் கண்டுபிடிக்கப்பட்டு வீடு திரும்பினார். தந்தை இணங்கி வந்து தனியாசிரியர் ஒருவரை அமர்த்தினார்.

வழக்கறிஞர், வணிகர்

வணிகத்தை விடச் சட்டத்தை விரும்பிய மரே, நியூயார்க்கின் பெயர்பெற்ற வழக்கறிஞரான பெஞ்சமின் கிஸ்ஸாமிடம் பயிற்சி பெற்றார். அதே அலுவலகத்தில் உடன் பயின்றவர் சான் செய். இவர் பிற்காலத்தில், 1789 இல், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் தலைமை நீதிபதியானார். பயிற்சி முடிந்து தொழில் தொடங்கிய மரே 1767 இல் ஹன்னா டாப்சன் என்பவரை மணந்தார். இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. 1770 ஐ ஒட்டிச் சிறிது காலம் இங்கிலாந்தில் வாழ்ந்து, 1771 இல் நியூயார்க் திரும்பித் தொழிலைத் தொடர்ந்தார்.

இதற்கிடையே குடியேற்றங்களுக்கும் பிரித்தானிய அரசுக்கும் இடையிலான பூசல் முற்றியது. பிரித்தானியப் பொருட்களை இறக்குமதி செய்வதில்லை எனக் குடியேற்றங்களின் பேராயம் முடிவெடுத்திருந்தது. 1775 இன் தொடக்கத்தில் மரே குடும்பத்தாரின் பியூலா என்னும் கப்பல் சரக்குடன் நியூயார்க் வந்தபோது அதனை இறக்க அனுமதி கிட்டவில்லை. கப்பல் திரும்பிச் செல்வதுபோல் நகர்ந்து, நியூ செர்சிக் கரையில் சரக்கின் ஒரு பகுதியை இரகசியமாக இறக்கியது. செய்தி வெளிப்பட்டது. இராபர்ட் மரேயும் அவர் தம்பியும் பொதுவில் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அன்று முதல் அக்குடும்பம் விடுதலை அணியினரின் ஐயப் பார்வைக்கு உள்ளாயிற்று.

போர் மூண்டதும் லிண்ட்லி மரே மனைவியுடன் லாங் தீவில் உள்ள இஸ்லிப் என்னும் ஊருக்குச் சென்று ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தங்கினார். மீன் பிடித்தலிலும் படகு ஓட்டுவதிலும் பொழுது கழிந்தது. போரினால் உப்புத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது உப்பளம் ஒன்று அமைக்கத் திட்டமிட்டார். பிரித்தானியப் படை நியூயார்க்கைக் கைப்பற்றியதால் அது நிறைவேறவில்லை.

இக்காலத்தைச் சேர்ந்த கதை ஒன்று அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளிடையே நெடுங்காலம் வழங்கிவந்தது. 1776 செப்டம்பரில் பிரித்தானியத் தளபதி ஹௌ மன்ஹாட்டனில் இறங்கியபோது, லிண்ட்லியின் தாய் மேரி மரே அவரையும் படைத் தலைவர்களையும் வீட்டிற்கு அழைத்து விருந்தளித்துத் தாமதப்படுத்தினார் என்றும், அந்த நேரத்தில் அமெரிக்கப் படையின் ஒரு பிரிவு தப்பிச் சென்றது என்றும் அக்கதை கூறும். விருந்து நடந்தது உண்மையாக இருக்கலாம். ஆனால், ஹௌ மேலும் படைகள் கரையிறங்கும் வரை முன்னேறாமல் காத்திருக்கவே திட்டமிட்டிருந்தார் என்பதால், படை தப்பியதற்கு விருந்தே காரணம் எனக் கொள்வதை வரலாற்றாசிரியர் பலர் ஏற்பதில்லை.

பிரித்தானியர் வசமிருந்த நியூயார்க்கிற்குத் திரும்பிய லிண்ட்லி, சட்டத் தொழிலை விட்டு, தாம் முன்பு வெறுத்த வணிகத்தில் இறங்கினார். போர் முடிவதற்குள் பெரும் பொருள் ஈட்டினார். 1783 அளவில் தொழிலிலிருந்து ஓய்வு பெற்று, கிழக்கு ஆற்றங்கரையில் பெல்வியூ என்னும் பண்ணை வீட்டை வாங்கினார். அந்த இடத்தில் தான் பிற்காலத்தில் புகழ்பெற்ற பெல்வியூ மருத்துவமனை எழுந்தது.

இங்கிலாந்துக்குப் பெயர்தல்

நாற்பது வயதை அடையும் முன்னரே மரேயின் தசைகள் வலுவிழக்கத் தொடங்கின. சிறிது நடந்தாலும் கால்கள் தளர்ந்தன. வெப்பம் குறைந்த நாட்டில் வாழ்வது நலம் தரும் என்னும் மருத்துவ அறிவுரையின்படி 1784 இறுதியில் மனைவியுடன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். சில காலத்தில் நலம் பெற்றுத் திரும்பலாம் என்பதே அவரது எண்ணம். ஆனால் அவர் அமெரிக்காவை மீண்டும் காணவே இல்லை.

உடல்நலம் மட்டுமே காரணமா என்னும் வினாவை இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் சார்லசு மொனகன் என்னும் ஆய்வாளர் எழுப்பினார். பிரித்தானியர் ஆட்சியின்போது வணிகம் செய்து பொருள் ஈட்டியவர்கள்மீது வென்றவர்கள் சினங்கொண்டிருந்தனர். குடும்பத்தின் சொத்தைக் காக்கும்பொருட்டு, பிரித்தானியச் சார்பின் பழியைத் தம்மேல் ஏற்று மூத்த மகன் நாட்டை விட்டு அகன்றார் என்பது அவரது முடிவு. மரேயின் தன்வரலாற்றில் இதற்கு வெளிப்படையான சான்று இல்லை. எனினும் அவர் வெளியேறிய காலத்தைப் பார்க்கையில் இக்கருத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. நோயும் அரசியலும் ஒருங்கே அவரை வெளியேற்றின எனக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. நோய் உண்மையானது என்பதில் ஐயமில்லை.

யார்க் நகரிலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில் இருந்த ஹோல்கேட்டில் தோட்டத்துடன் கூடிய வீடொன்றை வாங்கிக் குடியேறினார். முதலில் தோட்டத்தில் உலவ முடிந்தது. பின்னர் வண்டியில் அமர்ந்தே வெளியே செல்ல முடிந்தது. இறுதிப் பதினாறு ஆண்டுகள் வீட்டை விட்டு வெளியே வரவே இல்லை. நாளின் பெரும்பகுதியைச் சாய்வு இருக்கை ஒன்றில் அமர்ந்தபடியே கழித்தார். பேசுவதற்கும் குரல் ஒத்துழைக்காத காலங்கள் இருந்தன. தாவரவியலில் ஆர்வம் கொண்டு பல்வகைச் செடிகளைத் தோட்டத்தில் வளர்த்தார். அதன் செடி வகைகள் கியூ அரச தோட்டத்தையும் விஞ்சின என அக்காலத்தில் கூறப்பட்டது.

1787 இல் 'மனத்தின்மீது சமயத்தின் ஆற்றல்' என்னும் பொருளுடைய முதல் நூலைத் தம் செலவிலேயே ஐந்நூறு படிகள் அச்சிட்டு, பெயர் குறிப்பிடாமல் அண்டை அயலாருக்கு வழங்கினார். யார்க் நகரக் குவேக்கர்களின் தலைவரான வில்லியம் டியூக், மனநோயாளரைச் சங்கிலியிட்டு வதைக்காமல் பரிவுடன் பேணுவதற்காக 'ரிட்ரீட்' என்னும் இல்லத்தை நிறுவியபோது மரேயும் துணை நின்றார். 1796 இல் திறக்கப்பட்ட இவ்வில்லம் மனநல மருத்துவ வரலாற்றில் ஒரு திருப்புமுனை ஆகும்.

இலக்கண நூல் தோன்றிய வரலாறு

டியூக் குடும்பத்தார் 1785 இல் யார்க் நகரின் டிரினிட்டி சந்தில் குவேக்கர் பெண் பிள்ளைகளுக்காகப் பள்ளி ஒன்றைத் தொடங்கியிருந்தனர். பெண்களுக்கு இலத்தீன் கற்பிக்கப்படாத காலம் அது. அன்றைய ஆங்கில இலக்கண நூல்களோ, படிப்பவர் இலத்தீன் இலக்கணத்தை ஓரளவு அறிந்தவர் என்னும் எண்ணத்துடன் எழுதப்பட்டவை. இதனால் அப்பள்ளியின் இளம் ஆசிரியைகள் இடர்ப்பட்டனர். மரே அவர்களைத் தம் வீட்டிற்கு வரவழைத்து இலக்கணம் கற்பித்தார். இப்பாடங்களையே நூலாக எழுதித் தருமாறு மூன்று ஆசிரியைகள் அவரை வேண்டிக்கொண்டனர். முதலில் தயங்கிய மரே பின் இணங்கினார். 1795 இல் யார்க் நகரிலேயே நூல் அச்சாயிற்று. அப்போது அவருக்கு வயது ஐம்பது.

ஒரு பள்ளிக்கென எழுதப்பட்ட நூலுக்கு மறு ஆண்டே இரண்டாம் பதிப்புத் தேவைப்பட்டது. 1797 இல் 'பயிற்சிகள்', அதற்குரிய 'விடைநூல்', இளையோருக்கான 'சுருக்கம்' ஆகிய மூன்றும் வெளிவந்தன. தாமே கற்போர் தம் விடைகளைச் சரிபார்த்துக்கொள்ள விடைநூல் தனியே விற்கப்பட்டது. பள்ளிக்குச் செல்ல வசதியற்ற தொழிலாளரும் பெண்களும் இலக்கணம் கற்க இது வழிசெய்தது. பிழையான தொடர்களைக் கொடுத்துத் திருத்தச் சொல்லும் முறை மரேக்கு முன்பே இருந்தது. 1740களில் ஆன் பிஷர் என்னும் பெண் இலக்கண ஆசிரியர் இதனைக் கையாண்டுள்ளார். ஆனால் அதனை நூல் அளவுக்கு விரித்துப் பரவச் செய்தவர் மரே ஆவார்.

நூலின் அமைப்பு

மரேயின் இலக்கணம் நான்கு பிரிவுகளை உடையது: எழுத்தியல், சொல்லியல், தொடரியல், யாப்பியல். பின்னிணைப்பாகத் தெளிவான நடையில் எழுதுவதற்கான நெறிகள் தரப்பட்டுள்ளன. மனப்பாடம் செய்ய வேண்டிய விதிகள் பெரிய எழுத்திலும், விளக்கங்களும் விலக்குகளும் சிறிய எழுத்திலும் அச்சிடப்பட்டன. தொடக்க மாணவர் பெரிய எழுத்தை மட்டும் படித்து முடித்து, பின்னர் அதே நூலைச் சிறிய எழுத்துடன் மீண்டும் படிக்கலாம். அச்சு எழுத்தின் அளவைக் கொண்டே ஒரு நூலை இரண்டு வகுப்புகளுக்கு உரியதாக்கிய இவ்வுத்தி எளிமையானது. ஆசிரியர்களிடையே நூல் விரைந்து பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சொல்லியலில் ஆங்கிலச் சொற்கள் ஒன்பது வகையாகப் பிரிக்கப்படுகின்றன. 'ஏ', 'ஆன்', 'த' ஆகியன ஆர்ட்டிகிள் என்னும் சார்படை. பொருட்களின் பெயரைக் குறிப்பது நவுன் என்னும் பெயர்ச்சொல். அப்பெயரின் பண்பை உணர்த்துவது அட்செக்டிவ் என்னும் பெயரடை. பெயருக்குப் பதிலாக வருவது புரோநவுன் என்னும் பிரதிப்பெயர். இருத்தல், செய்தல், செயப்படுதல் ஆகியவற்றைக் குறிப்பது வெர்ப் என்னும் வினைச்சொல். வினையையும் பெயரடையையும் தழுவி வருவது அட்வெர்ப் என்னும் வினையடை. பெயருக்கு முன் நின்று உறவைக் காட்டுவது பிரிபொசிசன் என்னும் முன்னிடைச்சொல். சொற்களையும் தொடர்களையும் இணைப்பது கன்சங்சன் என்னும் இணைப்புச்சொல். மகிழ்ச்சி, வியப்பு முதலியவற்றை வெளிப்படுத்துவது இன்டர்செக்சன் என்னும் உணர்ச்சிச்சொல்.

இப்பாகுபாடு மரேயின் படைப்பு அன்று. இதன் வேர் கிரேக்க இலக்கணத்தில் உள்ளது. கிரேக்க இலக்கணிகள் சொற்களை எட்டாகப் பகுத்தனர். இலத்தீனில் சார்படை இல்லாமையால் அதனை நீக்கி, உணர்ச்சிச்சொல்லைத் தனி வகையாக்கி, உரோமர் எட்டு என்னும் எண்ணைக் காத்துக்கொண்டனர். இலத்தீனில் பெயரடை பெயர்ச்சொல்லின் ஒரு பிரிவாகவே கருதப்பட்டது. இரண்டும் ஒரே வகையில் வேற்றுமை உருபு ஏற்றமை இதற்குக் காரணம். ஆங்கிலத்தில் பெயரடை உருபு ஏற்பதில்லை என்பதால் பதினெட்டாம் நூற்றாண்டில் அது தனி வகையாகப் பிரிந்தது. எனவே சொல்வகைகளின் எண்ணிக்கை இயற்கையில் நிலைத்த ஒன்று அன்று. மொழிக்கு மொழி, காலத்துக்குக் காலம் மாறுவது. தமிழ் இலக்கணம் பெயர், வினை, இடை, உரி என நான்கே கொள்வதை இங்கு ஒப்புநோக்கலாம். பிற்காலப் பள்ளி நூல்கள் பல சார்படையைப் பெயரடையுள் அடக்கி எட்டு எனக் கற்பிக்கின்றன. தற்கால மொழியியலார் அதனைச் சுட்டுச்சொற்களோடு சேர்த்துத் தனி வகையாக்குவர்.

வேற்றுமை பற்றிய பகுதி மரேயின் தடுமாற்றத்தையும் நேர்மையையும் ஒருசேரக் காட்டுவது. இலத்தீனைப் பின்பற்றி ஆங்கிலப் பெயருக்கு ஆறு வேற்றுமை கூறியோரை அவர் மறுத்தார். சொல்லின் வடிவம் மாறாதபோது வேற்றுமை எங்ஙனம் மாறும் என்பது அவரது வாதம். ஆகவே முதற்பதிப்புகளில் எழுவாய், உடைமை ஆகிய இரண்டை மட்டுமே பெயருக்கு உரைத்தார். பிரதிப்பெயருக்கு மட்டும் 'ஹி', 'ஹிம்' என வடிவம் மாறுவதால் செயப்படுபொருள் வேற்றுமையும் உண்டு. பின்னர், தொடரைப் பகுத்துக் காட்டும்போது மாணவர் குழம்புவதைக் கருதி, நீண்ட தயக்கத்திற்குப் பின் பெயருக்கும் மூன்றாவது வேற்றுமையைச் சேர்த்தார். இலக்கண உண்மையை விட வகுப்பறைத் தேவையே அவருக்கு மேலாகப் பட்டது எனலாம்.

தொடரியல் இருபத்திரண்டு விதிகளால் ஆனது. எழுவாயும் பயனிலையும் எண்ணிலும் இடத்திலும் ஒத்திருத்தல் முதல் விதி. இரண்டு எதிர்மறைகள் ஒரே தொடரில் வந்தால் ஒன்றையொன்று அழித்து உடன்பாடாகிவிடும் என்பது மற்றொன்று. 'ஐ டோன்ட் நோ நத்திங்' என்பதை 'எனக்கு ஏதோ தெரியும்' என்றே பொருள்கொள்ள வேண்டும் என்பது இவ்விதியின் விளைவு. உண்மையில் எந்த ஆங்கிலேயரும் அவ்வாறு பொருள்கொள்வதில்லை. சாசர் காலத்திலிருந்து இரட்டை எதிர்மறை அழுத்தத்திற்காகவே வழங்கிவந்தது. எளிய மக்களின் பேச்சில் இன்றும் அவ்வாறே வழங்குகிறது. இவ்விதியை மரே உருவாக்கவில்லை, தமக்கு முந்தைய இலக்கண நூல்களிலிருந்து எடுத்தாண்டார். ஆனால் அது பல்லாயிரம் வகுப்பறைகளுக்குச் சென்றது மரேயின் நூல் வழியாகவே. அதன்பின், கல்லாதோர் பேச்சு வேறு வழக்கு என்று கருதப்படாமல் பிழை என்று கருதப்பட்டது. மரேயின் இலக்கணத்தால் ஏழைச் சிறுவர் பலர் எழுத்தராகவும் ஆசிரியராகவும் உயர வழி பிறந்தது. அதே இலக்கணம் அவர்தம் பெற்றோரின் பேச்சை வெட்கத்திற்குரியதாகவும் ஆக்கியது.

பிறருக்குப் பட்ட கடன்

மரே பெரிதும் பின்பற்றிய நூல் இராபர்ட் லௌத் 1762 இல் எழுதிய சிற்றிலக்கணம் ஆகும். லௌத் பின்னாளில் இலண்டன் பேராயர் ஆனவர். ஆக்சிசன் ஆய்வால் அறியப்படும் சோசப் பிரீஸ்ட்லி 1761 இல் எழுதிய இலக்கணம், சாமுவேல் சான்சன், சேம்சு ஹாரிசு முதலியோரின் நூல்கள், நடை பற்றி ஹியூ பிளேர் ஆற்றிய விரிவுரைகள் ஆகியவற்றிலிருந்தும் மிகுதியாக எடுத்துக்கொண்டார். மக்கள் வழக்கே மொழிக்கு ஆணை என்பது பிரீஸ்ட்லியின் நிலை. வழக்கையும் திருத்தலாம் என்பது லௌத்தின் நிலை. முரண்பட்ட இவ்விருவரையும் மரே ஒரே நூலில் அருகருகே அமர்த்தினார். முடிவெடுக்க வேண்டிய இடங்களில் பெரும்பாலும் லௌத்தின் பக்கமே சாய்ந்தார்.

தம்மைத் தொகுப்பாளர் என்றே மரே முன்னுரையில் கூறிக்கொண்டார். எனினும் எந்தப் பகுதி யாருடையது என்பதை முதற்பதிப்பில் பெரும்பாலும் குறிப்பிடவில்லை. பாடநூலில் அவ்வாறு குறிப்பது மாணவருக்குத் தேவையற்றது என அவர் எண்ணினார். குறை கூறப்பட்ட பின் பிற்பதிப்புகளில் மூல ஆசிரியர்களின் பெயர்களைச் சேர்த்தார். அமெரிக்க அகராதி ஆசிரியர் நோவா வெப்ஸ்டர், தம் நூலிலிருந்தும் மரே எடுத்துக்கொண்டதாகக் குற்றஞ்சாட்டினார். 1851 இல் மிகப் பெரிய இலக்கண நூல் ஒன்றை வெளியிட்ட கூல்டு பிரௌன், மரேயைப் போலவே குவேக்கராக இருந்தும், அவரது களவையும் பிழைகளையும் பக்கம் பக்கமாக எடுத்துக்காட்டினார். 1809 இல் தாமும் ஓர் இலக்கணம் எழுதிய கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட், மரேயின் வரையறைகள் ஆங்கிலத்துக்கு இலத்தீன் சட்டையை மாட்டுவதாகக் கருதினார். 1868 இல் வாசிங்டன் மூன் என்பவர், இலக்கணம் கற்பித்த மரேயின் சொந்த ஆங்கிலத்திலேயே பிழைகளைத் தேடி நூலாக வெளியிட்டார். அக்காலத்தில் இலக்கணிகள் ஒருவரையொருவர் திருத்துவது வேடிக்கையான ஒரு தொழிலாகவே நடந்துள்ளது.

இக்குற்றச்சாட்டுகளை எடைபோடும்போது, அன்றைய இலக்கண ஆசிரியர்கள் எல்லோருமே முன்னோரிடமிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டனர் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். மரே மற்றவரை விட அதிகம் எடுத்தார். மற்றவரை விட மிக அதிகம் விற்றார். ஈட்டிய பொருளைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் அறப்பணிகளுக்கு அளித்தார் என்பது பழியைச் சிறிது தணிக்கிறது.

பிற பாடநூல்கள்

1799 இல் வெளிவந்த 'இங்கிலீஷ் ரீடர்' என்னும் வாசிப்பு நூல் அமெரிக்காவில் இலக்கண நூலினும் மிகுதியாகப் பரவியது. அடிசன், சான்சன், பிளேர் முதலியோரின் உரைநடையும் மில்டன், போப், கூப்பர் முதலியோரின் செய்யுளும் அதில் தொகுக்கப்பட்டன. அடிமை முறையைக் கண்டிக்கும் பகுதிகளும் அதில் இடம்பெற்றன. அடிமைகள் விற்கப்பட்ட மாநிலங்களின் பள்ளிகளிலும் அந்நூல் படிக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. ஆபிரகாம் லிங்கன் இளமையில் இதனைப் படித்து உயர்வாக மதித்தார். அவர் இலக்கணம் கற்ற கிர்க்கமின் நூலும் மரேயின் முறையைத் தழுவியதே. இத்தொகுப்பின் தொடர்ச்சி 1800 இலும், இளையோருக்கான முன்னூல் 1801 இலும், எழுத்துக்கூட்டும் நூல் 1804 இலும் வந்தன. பிரெஞ்சு கற்போருக்கும் இரண்டு வாசிப்பு நூல்கள் தொகுத்தார். 1808 இல் இலக்கணமும் பயிற்சிகளும் விடைகளும் இரு தொகுதிகளாக விரிவாக்கி வெளியிடப்பட்டன.

இலக்கண நூல் கல்கத்தாவிலும் அச்சாயிற்று. 1835 இல் பாஸ்டனில் பார்வையற்றோருக்காகப் புடைப்பு எழுத்தில் 'சுருக்கம்' வெளியிடப்பட்டது. இடச்சு மொழிபெயர்ப்பின் வழியாக இந்நூல் சப்பானையும் அடைந்தது. வெளிநாட்டாருக்கு நாடு மூடப்பட்டிருந்த 1840 ஐ ஒட்டிய ஆண்டுகளில், இடச்சு மொழி மட்டுமே அறிந்த சப்பானிய அறிஞர் சிபுகாவா ரொக்குசோ அதிலிருந்து ஆங்கில இலக்கணத்தைத் தம் மொழியில் ஆக்கினார். ஆங்கிலேயரை நேரில் காணாமலே ஆங்கிலத்தின் சொல்வகைகளை அறிய முயன்ற அரிய முயற்சி இது.

இறுதிக் காலம்

மரே 1826 இல் ஹோல்கேட்டில் தம் எண்பதாவது வயதில் காலமானார். யார்க் நகரின் பிசப்ஹில் பகுதியில் உள்ள குவேக்கர் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். நண்பரும் உதவியாளருமான எலிசபெத் பிராங்க்கின் வேண்டுகோளுக்கு இணங்கி, கடிதங்களின் வடிவில் மரே எழுதிவைத்திருந்த தன்வரலாறு, அவர் எழுதிய தொடர்ச்சியுடன் அதே ஆண்டில் வெளிவந்தது.

மரேயின் விருப்ப ஆவணம் கவனத்திற்குரியது. மனைவியின் காலத்திற்குப் பின் எஞ்சும் சொத்தை நியூயார்க்கில் அறக்கட்டளையாக வைத்து, அடிமைகளாக உள்ள கறுப்பின மக்களை விடுவிக்கவும், அவர்தம் வழித்தோன்றல்களுக்குக் கல்வி அளிக்கவும், அமெரிக்கத் தொல்குடியினரின் நலனுக்கும், நல்ல நூல்களைப் பரப்பவும் பயன்படுத்துமாறு எழுதியிருந்தார். அவருடைய தம்பி இளைய சான் மரே, 1785 இல் தொடங்கப்பட்ட நியூயார்க் அடிமை விடுவிப்புச் சங்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். ஹன்னா மரே 1834 இல் மறைந்த பின் அறக்கட்டளை நடைமுறைக்கு வந்தது.

இலக்கியத்தில் மரே

பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் யாவரும் மரேயைப் பள்ளியில் சந்தித்தவர்கள். ஆகவே அவர் பெயர் நாவல்களில் பலமுறை வருகிறது, பெரும்பாலும் நகைச்சுவையாக. டிக்கன்ஸின் 'பழம்பொருட் கடை'யில் மெழுகுப் பொம்மைக் கண்காட்சி நடத்தும் பெண்மணி, பள்ளி மாணவியர் வருகைக்காகக் கோமாளிப் பொம்மை ஒன்றின் உடையை மாற்றி மரேயாக ஆக்கிவிடுகிறார். மெல்வில்லின் 'மோபி டிக்'கில், 'நான் பார்க்கிறேன், நீ பார்க்கிறாய்' என வினை வாய்பாட்டை ஒப்பிக்கும் கப்பற் சிறுவனைக் கண்டு மரேயின் இலக்கணம் நினைவுகூரப்படுகிறது. 'டாம் மாமாவின் குடிசை'யின் தொடக்கத்தில் வரும் அடிமை வணிகனின் பேச்சு மரேயின் விதிகளைப் பொருட்படுத்தாதது எனக் கூறப்படுகிறது. சார்சு எலியட்டின் 'மிடில்மார்ச்'சில் சமையற்கட்டில் வேலை செய்தபடியே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் திருமதி கார்த், உலகமே மூழ்கினாலும் மரேயை நீருக்கு மேல் உயர்த்திப் பிடிப்பவர்.

1836 முதல் அமெரிக்காவில் மக்கஃபியின் வாசிப்பு நூல்கள் மரேயின் தொகுப்புகளின் இடத்தைப் பிடித்தன. இலக்கண நூல் மேலும் சில பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது. ஹோல்கேட் தோட்டத்தில் மரே அமர்ந்து ஓய்வெடுத்த சிறு கோடைக் குடில், யார்க் நகரின் மவுண்ட் பள்ளி வளாகத்திற்குப் பெயர்த்தெடுத்துச் செல்லப்பட்டுப் பாதுகாக்கப்படுகிறது. டிரினிட்டி சந்துப் பள்ளியைத் தன் முன்னோடியாகக் கருதும் அது, குவேக்கர்கள் பெண் பிள்ளைகளுக்காக ஏற்படுத்திய பள்ளி ஆகும்.